மருதன் ஓட்டம்

ஞாயிறு பூசை முடிந்து சுவாமியார் அறிவித்தல் வாசித்தார். கான்சர் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க எங்கள் குருநகர்ப் பொடியன்களின் விளையாட்டுக் கழகம் மரதன் ஓட்டம் வைக்கிறது, விருப்பமான ஆண்களும் பெண்களும் பெயர் கொடுக்கலாம் என்றார். பக்கத்தில் முழந்தாளில் நின்ற மச்சாள் முக்காட்டை இழுத்துவிட்டு என் காதுக்குள் கேட்டாள்.

"பிள்ளை, மருதன் எண்டால் மருதனார்மடத்துக்கு ஓடுறதுதானே?"

"ஓம் மச்சாள். வேறை என்ன?"

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் அவ்வளவும்கூடப் படிக்கவில்லை. காங்கேசன்துறை ரோட்டால் வடக்கே போனால் இணுவிலுக்கு அடுத்தது மருதனார்மடம். சந்தியும் சந்தையுமாகச் சனம் நெரியும் இடம். அங்கே ஓடி முடிப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்பதில் எங்கள் இருவருக்கும் துளி சந்தேகமும் இருக்கவில்லை.

"அப்ப நான் ஓடப்போறன்" என்றாள்.

அவள் என் அண்ணையின் மனைவி. பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருநாளும் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போன மாரியில் அவள் செத்துப் போனாள். அதற்குப் பிறகு "மச்சாள்" என்று கூப்பிட எனக்கு ஒருவருமில்லை. அதுதான் இதை எழுதுகிறேன்.

மச்சாளுக்கு ஒரு குணம். எதையும் பாதியில் விடமாட்டாள். இதை நல்ல குணம் என்று சொல்லுகிறவர்கள் அவளோடு ஒரு வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒருநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அக்காவோடு வாளிக்குச் சண்டை. "அடுப்பிலை சோறு கிடக்கு, உன்னோடை நிண்டு கதைக்க எனக்கு நேரமில்லை" என்று அந்த அக்கா போய்விட்டா. மச்சாளும் பேசாமல் வந்தாள். சமைத்தாள். எங்களுக்குப் போட்டுத் தானும் சாப்பிட்டாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள்.

"இஞ்சை வாரும். நான் இன்னும் முடிக்கேல்லை."

அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாள் சிரிக்கவில்லை. விட்ட சொல்லிலிருந்து தொடங்கிச் சண்டையை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

இன்னொருமுறை ஒழுங்கையில் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். பாதியில் மண்ணெண்ணெய் முடிந்து எல்லாம் இருட்டாகிவிட்டது. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது. அடுத்த நாள் மச்சாள் மீன் விற்ற கையோடு டெக் வாடகைக்குக் கொடுக்கிறவரின் கடைக்குப் போய், "கடைசியிலை அந்தப் பெட்டை தாயைக் கண்டுபிடிச்சவளோ?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கடையை அன்று பூட்டியிருக்க முடியாது. சொன்னார். அவள் வந்து எங்களுக்கு அழுதழுது சொன்னாள்.

ஹெலி வந்து சுடுகிற நாட்களில்தான் அவளோடு பெரிய கஷ்டம். செபமாலை பாதியில் இருந்தால் எழும்பமாட்டாள். நாங்கள் எல்லோரும் பங்கருக்குள் கிடப்போம். அண்ணை உள்ளிருந்து கத்துவார்.

"எடியேய், மாதா உன்னைக் குறை நினைக்கமாட்டா! ஓடி வாடி!"

"இன்னும் நாலு மணிதான் கிடக்கு!"

அந்த நாலு மணிக்குள் அண்ணை நாலுதரம் செத்துப் பிழைப்பார். அவள் சாவதற்குப் பயந்தவள்தான். முடிக்காமல் விடுவதற்கு அதைவிடப் பயந்தாள்.

அண்ணைக்கு வாயில் வந்தது. கடலில் நித்திரை கொள்ளாமல் இருக்கவென்று வெற்றிலையையும் புகையிலையையும் இடது கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். முதலில் வெள்ளையாக ஒரு படை, பிறகு புண், பிறகு வாய் திறக்க ஏலாமல் போனது. ஊரில் ஒருவரும் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். பெயர் சொன்னால் தங்கள் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும் என்று பயம். மச்சாள் மட்டும் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டே "என்ரை மனுசனுக்குக் கான்சர்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள்.

"மெல்லமாய்க் கதை பிள்ளை" என்று ஒரு கிழவர் சொன்னார்.

"ஏனப்பு? நாயைக் கலைக்கிறதெண்டாலும் ஒரு சத்தம் போடத்தானே வேணும்?"

அண்ணை தெல்லிப்பழை ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்தார். அங்கே ஓர் இளம் டொக்டர் ஒவ்வொரு நோயாளியிடமும், புகையிலையை எந்தக் கன்னத்தில் வைக்கிறனீங்கள் என்று கேட்டுக்கொண்டு திரிவார். எங்கள் ஆட்களுக்கு ஏன் வாயில் இவ்வளவு வருகிறது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. அதற்குத்தான் இந்த ஓட்டமும் காசும். மச்சாளுக்கு இவ்வளவும் ஒரே வசனமாகத்தான் விளங்கியது. ஓடினால் கான்சர் போகும்.

"மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சு நடக்கிறமெல்லே, அதைப்போலை இது ஓட்டம். நான் முடிச்சனெண்டால் அவர் எழும்புவார்."

நான் தலையாட்டினேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அது இந்தியன் ஆமி திரும்பிப் போய், அடுத்த சண்டை தொடங்க முன்னம் இருந்த கொஞ்ச மாதங்கள். வெடிச்சத்தம் இல்லை. ரோட்டில் மறிக்க ஆட்கள் இல்லை. என்னவும் செய்யலாம் போல இருந்தது.

விடிய முன்னம் கோயிலில் திருந்தாதி மணி அடிக்க மச்சாள் வெளிக்கிடுவாள். சட்டைக்கு மேல் அண்ணையின் சேட். வெறுங்கால். பின்னால் நான் அண்ணையின் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தலோடு. முதல் நாள் தட்டாதெருச் சந்தி தாண்டவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் குந்திவிட்டாள்.

"காணும் மச்சாள், சைக்கிளிலை ஏறுங்கோ."

அவள் எழும்பி நடந்தாள். மருதனார்மடம் வரைக்கும் நடந்து, சந்திக் கடைச் சுவரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைக்காரர் தன்னுடைய சுவரில் மாதா தெரிகிறாவோ என்று வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

நாளாக நாளாக நடை குறைந்து ஓட்டம் கூடியது. அவள் ஓடுவதை நான் எப்படிச் சொல்வது? அண்ணை படுத்த பிறகு மீன் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவள் அவள்தான். ஓடும்போதும் கடகம் தலையில் இருப்பது போலவே ஓடுவாள். கழுத்து அசையாது. தோள் அசையாது. கீழே கால்கள் மட்டும் தங்கள் பாட்டில் போகும். பார்த்துக்கொண்டு பின்னால் போகிற எனக்கு மேல் கூசும். இந்த மனுசி எங்கள் வீட்டு அடுப்படியிலா இவ்வளவு நாளும் இருந்தாள் என்று நினைப்பேன்.

எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் மதகில் இருந்து பகிடி பண்ணினார்கள்.

"மாமி, ஆர் உங்களைக் கலைக்கிறது?"

"கான்சர்!" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அடுத்த நாள் மதகில் ஒருவரும் இருக்கவில்லை.

இணுவிலில் ரோட்டுக் கரையில் ஒரு தோட்டம். விடியப்புறம் அந்த வீட்டு அம்மா பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பா. மச்சாள் தண்ணீர் கேட்டாள். அந்த அம்மா வாளியோடு வந்து, மச்சாள் ஏந்திய கைக்குள் மேலிருந்து ஊற்றினா. கடற்கரை ஆட்களுக்கு அந்தப் பக்கத்தில் செம்பு தரமாட்டார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. மச்சாள் குடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தாள்.

"அம்மா, உது என்ன கண்டு?"

"போயிலை. கண்டதில்லையே?"

மச்சாள் வேலியோரத்து இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ஞ்சாப் பிறகுதான் கண்டிருக்கிறன். என்ரை மனுசன்ரை கன்னத்துக்கை கிடந்தது உதுதான். இப்ப தெல்லிப்பழையிலை கிடக்கிறார்."

அந்த அம்மாவின் கையில் வாளி அப்படியே நின்றது.

"நான் குறையாய்ச் சொல்லேல்லை அம்மா. நாங்களும் கடல்லை உயிரைத்தானே பிடிக்கிறம். தண்ணிக்குப் புண்ணியம். வாறன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியப்புறமும் நாங்கள் வர முன்னமே வாளி படலையடியில் நிரம்பி இருக்கும். அந்த அம்மா ஊற்றுவா, பார்ப்பா, போய்விடுவா.

ஓட்ட நாள் வந்தது. கோயில் முன்றலில் ஆண்கள் ஒரு கூட்டம். பெண்கள் நாலு பேர்தான். மற்ற மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காலில் சப்பாத்து. கழகச் செயலாளர் எங்கள் ஊர்த் தம்பிதான், படித்தவர், நல்ல பிள்ளை. "பெண்களுக்கு மருதனார்மடம் மட்டும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். மச்சாள் என்னைப் பார்த்தாள். இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்லுகிறார்கள் என்பது போலப் பார்த்தாள்.

இணுவிலில் அந்த அம்மா வாளியோடு நிற்கவில்லை. கையில் செம்பு. உள்ளே தேசிக்காய் பிழிந்த தண்ணி. மச்சாள் பழக்கத்தில் கையை ஏந்தினாள்.

"கை வேண்டாம். செம்பைப் பிடி பிள்ளை. கெதியாய்க் குடிச்சிட்டு ஓடு."

மச்சாள் எங்கள் வழக்கப்படி வாய் வைத்தே குடித்தாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பவில்லை. வெறும் செம்பை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா.

மருதனார்மடச் சந்தியில் பெண்களுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளும் வந்து நெடுநேரம், சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் நாலாவதாக வந்து, கயிற்றை விட்டுவிட்டுத் தான் வழக்கமாகத் தொடுகிற கடைச் சுவரைத் தொட்டாள். சிலுவை போட்டாள். சனம் கைதட்டியது. அப்போதுதான் பிந்தி வந்த இரண்டு ஆண்கள் நில்லாமல் சுன்னாகப் பக்கமாக ஓடிப் போவதைக் கண்டாள்.

"தம்பி, அவங்கள் எங்கை போறாங்கள்?"

"கீரிமலைக்கு அக்கா. அங்கைதானே முடிவு" என்றார் செயலாளர்.

"முடிவு இஞ்சையெல்லோ? மருதன் ஓட்டமெல்லோ?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மரதன் அக்கா, மரதன். அது வெளிநாட்டுப் பேர். இந்தச் சந்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"அப்ப இது பாதியோ?"

"ஓம், பாதி எண்டு சொல்லலாம்."

அந்தத் தம்பிக்குத் தெரியாது தான் என்ன சொல்லை வாயில் எடுத்தார் என்று. எனக்குத் தெரியும். நான் சைக்கிளைத் திருப்பி வடக்கே பார்க்க விட்டேன்.

அவர் முன்னால் வந்து மறித்தார். "அக்கா, வெயில் ஏறுது. விழுந்து கிழுந்து போனால் சுவாமியாருக்கு நான் பதில் சொல்லேலாது. உங்கடை பங்குக்கு ஓடியாச்சு."

"விடு தம்பி. நான் முடிச்சால்தான் அவருக்குச் சுகம் வரும்."

அவர் மெல்லச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, நல்லதுக்குத்தான் சொன்னார்.

"அக்கா, இந்தக் காசு ஆராய்ச்சிக்கு. அண்ணைக்கு இதாலை ஒண்டும் ஆகாது. பத்துப் பதினைஞ்சு வருசம் செல்லும் ஏதும் கண்டுபிடிக்க. இது இனி வரப்போற ஆக்களுக்கு."

மச்சாள் நின்றாள். அவ்வளவு காலத்தில் ஒரு வேலையின் நடுவில் அவள் நின்றதை நான் கண்டது அன்று மட்டும்தான். முகத்தில் இருந்த வேர்வை காய்கிற வரைக்கும் நின்றாள் போல எனக்கு இருந்தது. அண்ணை பிழைக்கமாட்டார் என்று அந்தச் சந்தியில் வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த ஆக்களுக்கு ஆர் ஓடுறது?"

அந்தத் தம்பி வழியை விட்டார்.

சுன்னாகம், மல்லாகம் எல்லாம் அவளுக்குக் கால் பழகாத ரோட்டு. தார் கொதிக்கத் தொடங்கியது. குதிக்கால் வெடித்து இரத்தம் வந்தது. நான் போத்தலை நீட்ட நீட்ட வேண்டாம் என்றாள். நான்தான் அழுதுகொண்டு சைக்கிள் மிதித்தேன்.

தெல்லிப்பழையில் ஆசுப்பத்திரி மதிலடியில் அண்ணை நின்றார். சாரம், தோளில் துவாய், கன்னத்தில் துணிக்கட்டு. இப்படி ஓட்டம் போகும் என்று யாரோ சொல்லி, விடியவே வந்து நின்றிருக்கிறார். எப்படியும் இவள் வருவாள் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அவரைக் கண்டதும் மச்சாள் ரோட்டை விட்டு மதில் பக்கம் சரிந்து ஓடினாள். அண்ணை தோளிலிருந்த துவாயை எடுத்துத் தலைக்கு மேல் சுழட்டினார். கடலில் எஞ்சின் சத்தத்துக்குள் குரல் கேட்காது. ஒரு வள்ளத்திலிருந்து துவாயைச் சுழட்டிக் காட்டினால், எங்களுக்காக நில்லாதை, நீ போ என்று அர்த்தம். கரையில் நிற்கிற பெண்களுக்கும் அது தெரியும்.

மச்சாள் மறுபடியும் ரோட்டுக்கு ஏறினாள். அவரும் நிற்கவில்லை. எங்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அந்தத் துவாய் சுழன்றுகொண்டே இருந்தது.

கீரிமலைக்கு நான் முந்திப் போய்ப் பார்த்தேன். ஒருவருமில்லை. எல்லோரும் லொறியில் ஏறிப் போய்விட்டார்கள். கயிறு கட்டியிருந்த இரண்டு கம்புகள் மட்டும் நின்றன. கேணியில் முழுகிவிட்டு இரண்டு பேர் ஈர வேட்டியோடு வந்தார்கள், மொட்டைத் தலை. தகப்பனின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த அண்ணன் தம்பிமார். நான் அழுவதைக் கண்டு மூத்தவர் கேட்டார்.

"என்ன தங்கச்சி?"

"என்ரை மச்சாள் ஓடி வாறா. கயிறை அவிட்டிட்டுப் போட்டினம். கயிறு இல்லாட்டில் அவ முடிஞ்சுதெண்டு நம்பமாட்டா."

அவர் ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் மச்சாள் வந்துகொண்டிருந்தாள். கழுத்து அசையாமல், தோள் அசையாமல். அவர் தன் ஈரச் சால்வையை எடுத்துப் பிழிந்து ஒரு தலைப்பைத் தம்பியிடம் கொடுத்தார்.

"இறுக்கிப் பிடியடா."

அந்த ஈரச் சால்வையில் நெஞ்சு பட மச்சாள் முடித்தாள். முடித்தும் கால் நிற்காமல் இறக்கத்தில் போய்க் கடலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"முடிஞ்சுது மச்சாள்."

"வடிவாய்க் கேட்டுப் பார். பேந்து இதும் பாதி எண்டு சொல்லப் போறாங்கள்."

"இதுக்கு அங்காலை கடல்தான் மச்சாள்."

"அப்ப சரி" என்று தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

அண்ணை சண்டை தொடங்க முன்னமே போய்விட்டார். செத்தவீட்டில் ஒரு மனுசி கேட்டா, "ஓடினியே பிள்ளை, என்ன கண்டாய்?" என்று.

"அவருக்கெண்டுதான் தொடங்கினன்" என்றாள் மச்சாள். "முடிச்சது அவருக்கில்லை."

பிறகு சண்டை வந்தது. கோட்டையிலிருந்து ஆமி அடித்த ஷெல்லும் குண்டும் குருநகரில் விழத் தொடங்க, உடுத்த உடுப்போடு காங்கேசன்துறை ரோட்டால் ஓடினோம். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. தட்டாதெருவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் மச்சாளைக் கண்டு கூப்பிட்டு எங்களுக்கெல்லாம் பாண் தந்தார். கொக்குவிலில் ஒரு வீட்டு வாசலில் சின்னப் பிள்ளைகள் "மருதன் வாறா, மருதன் வாறா" என்று கத்தினார்கள். அவள் ஓடிய ரோட்டு முழுக்க அவளைத் தெரிந்த ஆட்கள். இணுவிலில் அந்த அம்மா படலையைத் திறந்துகொண்டு நின்றா. எங்களோடு வந்த எல்லோரையும் உள்ளே எடுத்தா. கிணற்றில் தாங்களே அள்ளச் சொன்னா. அந்த ஆராய்ச்சி பிறகு என்ன ஆனதோ எனக்குத் தெரியாது. ஆசுப்பத்திரிப் பக்கமும் கீரிமலைப் பக்கமும் இப்போது ஒருவரும் போக ஏலாது. ஆனால் இனி வரப்போற ஆட்கள் என்று அந்தக் கழகத் தம்பி சொன்னபோது, அதில் நாங்களும் இருந்தோம் என்று அன்று நினைத்தேன்.

இணுவில் அம்மாவின் அந்த வீட்டிலிருந்துதான் மச்சாள் போனாள். மலேரியாக் காய்ச்சல். மருந்து இல்லை. கெதியாகப் போய்விட்டாள். எனக்கு இன்னும் கோபம். எதையும் பாதியில் விடாதவள் என்னை மட்டும் பாதியில் விட்டிட்டுப் போய்விட்டாள்.

மச்சாளைப் புதைக்கிற சேமக்காலை மருதனார்மடத்துக்கும் அங்கால். எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆண்களோடு அந்த அம்மாவின் மகன்மார் இரண்டு பேரும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்கள் சனத்தில் பிரேதத்தோடு பெண்கள் படலை தாண்டி வருவதில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தா.

மருதனார்மடச் சந்தி வந்தது. வெயில். காவுகிறவர்கள் களைத்துவிட்டார்கள். வழியில் பெட்டியை இறக்கி இளைப்பாறவென்று ஒருவர் மர வாங்கு கொண்டுவந்திருந்தார். அதை அந்தக் கடைச் சுவரோரம் வைத்தார்கள்.

"இதிலை ஒருக்கால் இறக்குவம்" என்றார் முன்னால் பிடித்தவர். "பாதி வந்திட்டம்."

நான் அந்த அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

"இறக்காதேங்கோ! அவ இஞ்சை நிக்கிறேல்லை. தோளை மாத்துங்கோ, நடந்துகொண்டே மாத்துங்கோ!"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் மாறி ஒருவராக, நடந்துகொண்டே தோளை மாற்றினார்கள். பெட்டி அசையாமல் சந்தியைக் கடந்து போனது.